சிக்னல் இல்லாத ஆற்றிலிருந்து வீட்டுக்கு: கனூ பயணத்தில் எந்த வழியில் தொடர்பில் இருப்பது?

இங்கே மலேசியாவில் தெமெங்கோர் ஏரிக்கோ கென்யிர் ஏரிக்கோ நாலு நாள் துடுப்புப் போடக் கிளம்புகிறவர்களும் சரி, நியூசிலாந்தின் வாங்கனூய் ஆற்றுக்கோ கனடாவின் யூக்கோன் ஆற்றுக்கோ பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறவர்களும் சரி, என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். வீட்டோடு எப்படித் தொடர்பில் இருப்பது? சேட்டிலைட் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் வாங்கலாமா, சேட்டிலைட் போனை வாடகைக்கு எடுக்கலாமா, கையில் இருக்கிற ஐபோனே போதுமா?

பொதுவாக இந்த ஒப்பீடுகள் படகில் இருப்பவரை வைத்தே எழுதப்படுகின்றன. எடை எத்தனை கிராம், பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று. அதுவும் தேவைதான். ஆனால் படகில் இருப்பவருக்குத் தான் நலமாக இருப்பது தெரியும். தெரியாமல் தவிப்பது பட்டர்வொர்த்திலோ செந்தூலிலோ போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும். அதனால் நான் கரையில் இருப்பவரின் பக்கத்திலிருந்து ஒப்பிடுகிறேன். வருகிற செய்தி அவருக்குப் புரிய வேண்டும், செய்தி வராமல் போனால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட கருவிதான் உங்களுக்கு ஏற்றது. விலை அதற்கு அப்புறம்.

## எதை வைத்து முடிவு செய்வது

செய்தி வராவிட்டால் அதற்கு என்ன பொருள்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வெறும் கைத்தொலைபேசியோடு போனால் நாலு நாள் சத்தமே இருக்காது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பதற மாட்டார்கள். அதே பயணத்துக்குச் சேட்டிலைட் கருவி ஒன்றை வாங்கி, "தினமும் ராத்திரி ஏழு மணிக்குச் செய்தி அனுப்புறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு நாள் மழையில் அந்தச் செய்தி போகாமல் நின்றால் எட்டு மணிக்கு வீடே கலங்கிவிடும். முன்னால் நிம்மதியாக இருந்த மௌனம், கருவி வந்ததும் பயமாக மாறிவிடுகிறது. எந்தக் கருவியைப் பற்றி யோசித்தாலும் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

அடுத்தது, ஒருவழியா இருவழியா என்பது. உங்கள் செய்தி வீட்டுக்குப் போனால் போதுமா, இல்லை வீட்டில் நடப்பது உங்களுக்கும் தெரிய வேண்டுமா? எண்பது வயதுத் தாத்தா மருத்துவமனையில் இருக்கும்போது கிளம்புகிறவருக்கும், எல்லாரும் நலமாக இருக்கும் வீட்டிலிருந்து கிளம்புகிறவருக்கும் இதில் ஒரே பதில் இருக்க முடியாது.

மூன்றாவது, வானம் தெரியுமா. நம் காட்டில் இது பெரிய விஷயம். ஏரி நடுவில் வானம் முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் தஹான் ஆற்றில் நெராம் மரங்கள் இரண்டு கரையிலிருந்தும் சாய்ந்து வந்து ஆற்றுக்கு மேல் கூரை போட்டுவிடும். துணைக்கோளோடு, அதாவது சேட்டிலைட்டோடு, பேசுகிற எந்தக் கருவியும் அந்தக் கூரைக்குக் கீழே திணறும்.

அவசரப் பொத்தானை அழுத்தினால் அது யாருக்குப் போகிறது, அவர்கள் அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள் என்பது நான்காவது. செலவு ஐந்தாவது. அதில் கருவியின் விலை மட்டுமில்லை, மாதக் கட்டணமும், வீட்டிலிருந்து உங்களைக் கூப்பிடுகிறவருக்கு ஆகும் செலவும் சேரும். கடைசியாக, அந்தக் கருவியோடு எந்த நாட்டு எல்லையைத் தாண்டப் போகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

## கைத்தொலைபேசி மட்டும்

செலவே இல்லாத வழி. நிறைய பேருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பினாங்கிலிருந்து கிரிக் வழியாகத் தெமெங்கோர் போனால் பண்டிங் பாலத்தருகே சிக்னல் கிடைக்கும், அங்கிருந்து ஏரிக்குள் போகப் போக மறைந்துவிடும். கோலா தஹான் கிராமத்திலும் கிடைக்கும், ஆற்றில் மேலே ஏறினால் போய்விடும். எந்த இடம்வரை இருக்கும் என்று படகுக்காரரிடம் கேட்டால் வளைவு வளைவாகச் சொல்வார். நிறுவனங்கள் வெளியிடும் வரைபடத்தைவிட நான் அவர் வார்த்தையைத்தான் நம்புவேன்.

இதில் மறைந்திருக்கிற செலவு வாட்சாப்பில் இருக்கிறது. நீங்கள் உள்ளே போனதும் வீட்டிலிருந்து வரும் செய்திகளில் ஒற்றைச் சாம்பல் டிக் விழுந்து அப்படியே நிற்கும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற நேரத்தை அம்மா திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார். நேரலை இருப்பிடத்தைப் போட்டுவிட்டுப் போவதும் உதவாது. அது அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான், அதுவும் இணையம் போன இடத்தில் நின்றுவிடும். கரையில் இருப்பவர் அந்தப் புள்ளியைப் பார்த்து, படகு அந்த வளைவிலேயே சிக்கிக்கொண்டது என்று நினைக்க இடமிருக்கிறது. அதனால் உள்ளே போகும் முன் கடைசிச் செய்தியை நேராகவே எழுதிவிடுங்கள்: "இனி ஞாயிறு மாலைவரை சிக்னல் இல்லை. டிக் ஒன்றுதான் விழும். அது சரிதான்."

அவசரத்துக்கு 999 இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அழைப்பு போகும். எந்தக் கோபுரமும் எட்டாத இடத்தில் போன் கேமராதான். வெள்ளக் காலத்தில் மின்சாரம் போனால் கோபுரங்களும் படுத்துவிடும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கோலா தஹானில் சுற்றுப்பயணிகள் சிக்கிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில், வடகிழக்குப் பருவமழையில், கிழக்குக் கரையோர ஆறுகளுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றிரண்டு இரவு, பழகிய ஏரி, ஊர்ப் படகுக்காரர் ஒருவர் நாள்தோறும் வந்து போகிற இடம், வீட்டில் எல்லாரும் நலம். இப்படியென்றால் இதுவே போதும், மிச்சப்படும் பணத்தில் நல்ல உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள்.

## சேட்டிலைட் செய்திக் கருவி

கார்மின் இன்ரீச், ஸோலியோ போன்றவை. கனூ பயணத்துக்கு இந்த வகையைத்தான் நான் முதலில் வைப்பேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டும் இரிடியம் வலையமைப்பில் ஓடுகின்றன. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 துணைக்கோள்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன, துருவங்கள் உட்பட உலகம் முழுக்க எட்டும். ஒரு துணைக்கோள் தலைக்கு மேல் சில நிமிடங்கள்தான் இருக்கும், பிறகு அடுத்தது வரும். மரங்களுக்கிடையே சின்ன இடைவெளி இருந்தால்கூட காத்திருந்தால் செய்தி போய்விடுவது இதனால்தான். நெராம் மரத்தடியில் அனுப்பும் குறி திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும். படகைக் கொஞ்சம் தள்ளி ஆற்று நடுவில் இருக்கும் கூழாங்கல் திட்டுக்குக் கொண்டுபோய், கருவியை உயிர்காப்புச் சட்டையின் தோள்பட்டையில் வானம் பார்க்க மாட்டிக்கொண்டு சோறு வடிக்க ஆரம்பித்தால், சோறு வெந்து முடிவதற்குள் "டிங்" என்று போய்ச் சேர்ந்திருக்கும். கூடாரம் போட இடம் தேடும்போதே வானம் தெரிகிற இடமாகப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடும்.

இன்ரீச் மினி 2 எடை 100 கிராம்தான். தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும். ஆனால் கருவி படகோடு போய்விட்டால் என்ன பயன்? கவிழ்ந்த படகு உங்களை விட்டுவிட்டு ஆற்றோடு போய்விடும், அதனால் கருவி எப்போதும் உடம்பில்தான் இருக்க வேண்டும், சாமான் மூட்டையில் போடாதீர்கள்.

கரையில் இருப்பவருக்கு வருவது சாதாரணக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோதான். கார்மினின் செயலியை அவர் போனிலும் போட்டுவிட்டால் இணையம் வழியாகவே வரும், பதில் எழுதுவதும் சுலபம், நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். இன்னொன்று, குறுஞ்செய்தியில் 160 எழுத்து என்பது ஆங்கில எழுத்துக் கணக்கு. தமிழில் அடித்தால் அது 70 ஆகிவிடும், அதிலும் கொம்பும் சுழியும் காலும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். "எல்லாரும் நலம், சாப்பிட்டாச்சு, நாளைக்குக் கீழே இறங்குகிறோம்" என்பதற்கே இடம் போதாமல் போகலாம். காட்டிலிருந்து அனுப்பும்போது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், வீட்டிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இப்போது மறைந்திருக்கிற செலவுகளுக்கு வருவோம். கருவியை வாங்கினால் போதாது, மாதக் கட்டணம் இருக்கிறது. இன்ரீச்சில் செய்தி அனுப்பப் பயன்படும் திட்டங்கள் மாதம் சுமார் 15 அமெரிக்க டாலரிலிருந்து தொடங்கும், தொடக்கக் கட்டணம் தனி. குறைந்த திட்டங்களில் நீங்களாக எழுதும் செய்திகளுக்கு வரம்பு உண்டு, தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் பணம். முன்கூட்டியே எழுதி வைத்த "நலமாக இருக்கிறோம்" வகைச் செய்திகளுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. அதனால் அப்படி மூன்று செய்திகளைத் துல்லியமாக எழுதி வையுங்கள்: ஒன்று "நலம், இன்றிரவு இங்கே தங்குகிறோம்", இன்னொன்று "நலம், ஆனால் ஒரு நாள் தாமதம்", மூன்றாவது "கரை சேர்ந்தாச்சு". இரண்டாவதுதான் முக்கியம். ஆறு பெருகி ஒரு நாள் காத்திருக்க வேண்டி வந்தால் அந்த ஒரு செய்தி வீட்டில் எத்தனை பேரின் தூக்கத்தைக் காப்பாற்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயணப் பாதையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புள்ளியாக அனுப்பும் வசதியும் இருக்கிறது, வீட்டில் வரைபடத்தில் பார்க்கலாம். இதை எல்லாருக்கும் திறந்துவிடக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். புள்ளி நகரும்போது யாருக்கும் பிரச்சினை இல்லை. நிற்கும்போதுதான் வினையே. நீங்கள் மீன் பிடிக்க நின்றிருப்பீர்கள், மரக்கூரைக்குள் நுழைந்திருப்பீர்கள், பேட்டரியைக் காப்பாற்ற அணைத்திருப்பீர்கள். குடும்ப வாட்சாப் குழுவில் சித்தியும் பெரியம்மாவும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அம்மாவின் ரத்த அழுத்தம்தான் ஏறும். நிதானமான ஒருவருக்கு மட்டும் இணைப்பைக் கொடுங்கள். நின்ற புள்ளிக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்றும் அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அவசரப் பொத்தான். இன்ரீச்சில் எஸ்.ஓ.எஸ். அழுத்தினால் அது அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் கார்மின் மையத்துக்குப் போகிறது. அவர்கள் நீங்கள் இருக்கும் நாட்டின் மீட்புத் துறைக்குத் தகவல் கொடுப்பார்கள், உங்களோடு செய்தியில் பேசுவார்கள், நீங்கள் பதிந்து வைத்திருக்கும் வீட்டு எண்ணையும் அழைப்பார்கள். நம் ஊரில் மக்காவ் மோசடி எனும் தொலைபேசி ஏமாற்று வந்த பிறகு தெரியாத வெளிநாட்டு எண்ணை எடுக்கவே கூடாது என்று பெற்றோருக்கு நாம்தான் பாடம் எடுத்து வைத்திருக்கிறோம், அவர்களும் ஒழுங்காகத் துண்டிக்கிறார்கள், எடுத்தாலும் "உங்கள் மகன் ஆபத்தில் இருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொன்னால் அதைத்தான் முதலில் மோசடி என்று நினைப்பார்கள். ஆகவே அவசரத் தொடர்பாளராக யார் பெயரைப் போடுகிறீர்கள் என்பதைக் கருவி வாங்குவதைவிடக் கவனமாகச் செய்யுங்கள். தெரியாத எண்ணை எடுப்பவராக, ஆங்கிலத்திலோ மலாயிலோ பதறாமல் பேசுகிறவராக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது அக்காவோ மைத்துனரோதான், அம்மா அப்பா இல்லை.

இருவழி வேண்டும், மூன்று இரவுக்கு மேல், தனியாகவோ சின்னக் குழுவாகவோ போகிறீர்கள் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். வருடத்துக்கு ஒரு பயணம்தான் என்றால் வாங்காமல் யாரிடமாவது வாடகைக்கு எடுக்கப் பாருங்கள், அப்போது கணக்கில் உங்கள் பெயரும் உங்கள் வீட்டு எண்ணும்தான் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

## சேட்டிலைட் போன்

குரல் கேட்க வேண்டும் என்கிறவர்களுக்கு. சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் அம்மாவுக்கு எழுத்தில் வரும் "நலம்" போதாது, குரல்தான் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. வீட்டில் ஏதாவது ஆனால் பேசித்தான் முடிவெடுக்க முடியும் என்கிற குடும்பங்களும் உண்டு. மருத்துவர் ஒருவரோடு பேசி, காயத்துக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளவும் இதைவிட நல்ல வழி கிடையாது.

மூன்று வலையமைப்புகள். இரிடியம் மேலே சொன்னபடி எங்கும் எட்டும். இன்மார்சாட்டின் துணைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை. அந்தத் திசை திறந்திருந்தால் அருமையாகப் பேசலாம், அந்தப் பக்கம் மலையோ மரமோ மறைத்தால் எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. துராயா நம் ஊரில் பலரிடம் இருந்தது. ஆனால் நம் பகுதிக்குச் சேவை செய்த துராயா 3 துணைக்கோள் 2024 ஏப்ரலில் பழுதாகிவிட்டது. பழைய துராயா போன் மலிவாக வருகிறது என்று யாராவது காட்டினால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

செலவு நிமிடக் கணக்கில் ஓடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது எதிர்ப்பக்கம். இரிடியம் எண்கள் 8816 என்று தொடங்கும், இன்மார்சாட் 870. வீட்டிலிருந்து சாதாரணக் கைத்தொலைபேசியில் அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டால் கட்டணம் மிகவும் அதிகம், ஒரே உரையாடலில் மாத பில்லையே தாண்டிவிடலாம். "தவறிய அழைப்பைப் பார்த்தால் திருப்பிக் கூப்பிடாதே, நானே மறுபடி கூப்பிடுவேன்" என்று முன்பே சொல்லி வையுங்கள். எண்ணை "தம்பி காட்டு போன்" என்று அவர் போனில் பதிந்தும் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் மோசடி என்று துண்டிப்பார்கள். சில நேரம் எண்ணே தெரியாமலும் வரும், அதனால் நேரத்தையும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நேரம் என்றதும் யூக்கோன். அங்கே இரவு எட்டு மணி என்பது பினாங்கில் மறுநாள் காலை பதினொன்று. வாங்கனூயில் கோடையில் மாலை ஏழு என்பது இங்கே பகல் இரண்டு மணி. வீட்டில் இருப்பவர் அந்த நேரத்தில் வேலையில் இருப்பாரா, போனைத் தொட முடியுமா என்று பார்த்து நேரத்தைக் குறியுங்கள்.

குரல் கட்டாயம் தேவை என்கிற குடும்பத்துக்கும், பத்துப் பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு போகும் குழுத் தலைவருக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை. கனம், நீர் புகாத பைக்குள் வைத்தே தூக்க வேண்டும், சில வகைகளை மழையில் வெளியே எடுத்துப் பேச முடியாது. மழை பெய்யும்போதுதான் பேசத் தோன்றும்.

## பி.எல்.பி. எனும் அவசர ஒலிபரப்பி

இது தொடர்பில் இருக்க உதவும் கருவியே இல்லை, உயிர் காக்கும் கருவி. பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சர்சாட் என்கிற பன்னாட்டு மீட்பு அமைப்புக்கு உங்கள் இடம் போகும். அவ்வளவுதான். "தாமதம்" என்று சொல்ல முடியாது, யாரும் பதில் அனுப்ப முடியாது. மாதக் கட்டணம் கிடையாது, பேட்டரி ஐந்து முதல் ஏழு ஆண்டுவரை காத்திருக்கும், அழுத்தினால் குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பும்.

இதில் எந்த நாட்டுக் குறியீடு போட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த நாட்டில் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்தால் ஆஸ்திரேலியக் குறியீடு இருக்கும். நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அந்தப் பகுதியின் மீட்பு மையத்துக்குத் தகவல் போகும், பதிவேட்டில் இருக்கும் உங்கள் வீட்டு எண்ணைக் கூப்பிட்டு இது உண்மையான ஆபத்தா, இவர் எங்கே போயிருக்கிறார் என்று கேட்பார்கள். இங்கும் அதே கதை, வெளிநாட்டு எண்ணை எடுக்கிற ஆள் வேண்டும்.

நியூசிலாந்து போகிறவர்கள் வாங்கவே வேண்டாம், அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்கனூய் போன்ற ஆறுகளுக்கு, வீட்டில் "ஐந்து நாள் சத்தம் இருக்காது" என்பதை ஏற்றுக்கொள்ளும் குடும்பமாக இருந்தால், மௌனத்தை மௌனமாகவே விட்டுவிட்டு ஆபத்துக்கு மட்டும் ஒரு கருவி வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கவலைப்படுகிற வீடு என்றால் இது மட்டும் போதாது.

## ஐபோனின் சேட்டிலைட் வசதி, ஸ்டார்லிங்க்

ஐபோன் 14 முதல் அவசரச் சேட்டிலைட் வசதி வருகிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கி நாடு நாடாகச் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். போகிற நாட்டின் பெயர் ஆப்பிளின் பட்டியலில் இருக்கிறதா, எந்தெந்த வசதிக்கு இருக்கிறது என்று கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டியலில் இல்லாத நாட்டில் இதை நம்பிக் காட்டுக்குள் போகக் கூடாது. இன்னொன்று, 62 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே இது வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. யூக்கோனில் வைட்ஹார்ஸிலிருந்து டாசன்வரை 700 கிலோமீட்டருக்கு மேல் துடுப்புப் போடுகிறவர்கள் கார்மாக்ஸ் வந்ததுமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். பயணத்தின் பெரும்பகுதி அதற்கு அப்பால்தான். அதோடு, படம் எடுப்பதும் வழி பார்ப்பதும் அவசர அழைப்பும் ஒரே பேட்டரியில் ஓடும். கூடவே இருக்கும் இரண்டாவது வழியாக இது நல்லது, ஒரே வழியாக வேண்டாம்.

ஸ்டார்லிங்க் எனும் சேட்டிலைட் இணையச் சேவை மலேசியாவுக்கு 2023 ஜூலையில் வந்தது. அதன் மினி ஆண்டெனாத் தட்டு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், 25 முதல் 40 வாட்வரை மின்சாரம் இழுக்கும். 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். ஏரியில் படகுவீட்டை எடுத்துக் குடும்பத்தோடு தங்கி, அங்கிருந்து பகலில் துடுப்புப் போட்டு வருகிறவர்களுக்குச் சரி. நாள்தோறும் இடம் மாறும் கனூ பயணத்துக்கு வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | இருவழியா | மரக்கூரைக்குக் கீழே | மௌனத்தின் பொருள் | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|---|
| கைத்தொலைபேசி மட்டும் | சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் | மரம் பிரச்சினை இல்லை, கோபுரம்தான் வேண்டும் | இயல்பு | ஒற்றை டிக் பார்த்து வரும் கவலை |
| செய்திக் கருவி | ஆமாம் | தாமதமாகும், பெரும்பாலும் போய்விடும் | சொன்ன நேரத்தைப் பொறுத்தது | மாதக் கட்டணம், நின்ற புள்ளி |
| சேட்டிலைட் போன் | ஆமாம், குரலோடு | அழைப்பு அறுந்துபோகும் | பேசிய நேரம் தவறினால் பயம் | வீட்டிலிருந்து திருப்பிக் கூப்பிடும் கட்டணம் |
| பி.எல்.பி. | இல்லை | திறந்த இடம் தேட வேண்டும் | நல்ல செய்தி | பேட்டரி மாற்றம், பதிவு |
| ஐபோன் சேட்டிலைட் | நாட்டைப் பொறுத்தது | திணறும் | நம்பிச் சொல்ல முடியாது | ஒரே பேட்டரி |

எல்லை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு இது நேராகவே பொருந்தும். இந்தியாவில் அனுமதி இல்லாமல் சேட்டிலைட் போன் கொண்டுபோவது சட்டவிரோதம். இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளையும் விமான நிலையத்தில் பிடித்திருக்கிறார்கள். தெமெங்கோர் போய் வந்த பையையே எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் சென்னைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்புவது நம் வீடுகளில் சாதாரணம். பயணம் முடிந்த அன்றே கருவியைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள். பையின் ஓரப் பாக்கெட்டையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். மலேசியாவுக்குள் வெளிநாட்டிலிருந்து கருவி வரவழைக்கிறவர்கள் அதற்குத் தொடர்புத்துறை அங்கீகாரம் இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

## கிளம்பும் முன் கரையில் செய்ய வேண்டியது

எந்தக் கருவியை எடுத்தாலும் வீட்டில் ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவர் கையில் ஒரு தாள் கொடுங்கள், போனில் அனுப்பினாலும் தாளாகவும் கொடுங்கள். அதில் யார் யார் போகிறீர்கள், எங்கே படகு இறக்குகிறீர்கள், ஒவ்வொரு இரவும் எங்கே தங்க எண்ணம், காரின் எண், அதை எங்கே விட்டிருக்கிறீர்கள், படகுக்காரரின் எண், பக்கத்துக் காவல் நிலையத்தின் எண், படகு என்ன நிறம், யாருக்கு என்ன மருந்து, எல்லாம் இருக்கட்டும். படகின் நிறத்தை எழுத மறக்காதீர்கள், மேலிருந்து தேடுகிறவர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

அப்புறம் ஒரு கெடு. "ஞாயிறு மாலை ஐந்துக்குக் கரை சேர்வோம், எட்டுவரை காத்திரு, எட்டு மணிக்குப் படகுக்காரரைக் கூப்பிடு, அவருக்கும் தெரியவில்லை என்றால் காவல் நிலையத்தையும் 999-ஐயும் கூப்பிடு" என்று மணியோடு எழுதுங்கள். கெடுவை எழுதி வைத்தால் கரையில் இருப்பவர் தானாக முடிவெடுக்க வேண்டியதில்லை. "அவசரப்பட்டுக் கூப்பிட்டு எல்லாரையும் தொந்தரவு செய்துவிட்டேனோ" என்று தயங்கித் தயங்கி ராத்திரியைக் கழிக்கிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. அந்தத் தயக்கத்தைத் தாளில் எழுதிய மணி தீர்த்துவிடும். தினச் செய்திக்கும் இதேபோல ஒரு விதி வையுங்கள்: ஒரு நாள் தவறினால் கவலை இல்லை, இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் படகுக்காரரைக் கூப்பிட வேண்டும்.

கடைசியாக ஒத்திகை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், சாயங்காலம் பினாங்கின் பாடாங் கோத்தா திடலுக்குப் போய், கடலைப் பார்த்து வானம் திறந்திருக்கும் இடத்தில் நின்று, வீட்டில் பொறுப்பானவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் அதைத் திறந்து, படித்து, நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் பதில் எழுதி, அது உங்கள் கருவிக்கு வந்து சேரும்வரை அங்கேயே இருங்கள். வரவில்லை என்றால் செயலியில் கோளாறா, எண் தப்பா, அவர் அதை மோசடிச் செய்தி என்று அழித்துவிட்டாரா என்று பார்த்துச் சரிசெய்ய ஒரு வாரம் கையில் இருக்கும்.